மூக்கு மேலே, விமானம் கீழே

விமானம் ‘ஸ்டால்’ ஆகும்போது அதன் எஞ்சின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். சிக்கல் இறக்கையில்.

எதிரே வரும் காற்றை இறக்கை சற்றுச் சாய்வாகச் சந்திப்பதால்தான் தூக்குவிசை பிறக்கிறது. மூக்கை உயர்த்த உயர்த்தச் சாய்வு கூடும், தூக்குவிசையும் கூடும். ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்கும். தூக்குவிசை சரியும், விமானம் விழும்; இதுதான் ஸ்டால். மீள வேண்டுமானால் முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். விழுந்துகொண்டிருப்பவருக்கு இதைவிடக் கடினமான அறிவுரை இருக்க முடியாது.

ஆபத்து நெருங்கினால் விமானியின் கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டைத் தடதடவென அதிரச் செய்வது பழைய ஏற்பாடு. 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 ஒரு படி மேலே போனது. அதில் விமானியின் கைப்பிடிக்கும் வால் பகுதிக்கும் நடுவே கணினி உட்கார்ந்திருக்கிறது. முன்பகுதியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடுகள் காற்றின் போக்கில் திரும்பிக் கோணத்தை அளந்து சொல்கின்றன. விமானி பிடியை முழுக்கப் பின்னே இழுத்தாலும், எல்லைக் கோணத்தைத் தாண்டக் கணினி விடாது. தேவைப்பட்டால் எஞ்சின்களையும் தானே முழு விசைக்கு முடுக்கும்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் விசையிழந்த ஏ320, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. கடைசி நொடிகளில் கேப்டன் சல்லன்பெர்கர் பிடியைப் பின்னே இழுத்தபோதும் விமானம் ஸ்டால் ஆகாமல் கணினி காத்தது. 155 பேரும் பிழைத்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் ஏ330 விமானத்தின் வேகமானிக் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. அளவுகள் முரண்பட்டதால் கணினி தன் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. எச்சரிக்கை ஒலித்தும் விமானி மூக்கை உயர்த்தியே பிடித்திருந்தார். ஸ்டால் ஆன விமானம் சுமார் மூன்றரை நிமிடத்தில் அட்லாண்டிக்கில் விழுந்து, 228 பேர் இறந்தனர்.

நேர்மாறான தவறு போயிங் 737 மேக்ஸில் நடந்தது. ஒரே ஒரு கோண உணரியை நம்பிய மென்பொருள், அது தந்த பொய்த்தகவலால் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. 2018, 2019இல் நடந்த இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர். இப்போது அந்த மென்பொருள் இரண்டு உணரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செயல்படுகிறது.

கணினியின் காவல், உணரி உண்மை சொல்லும் வரைதான். அதன் பிறகு விமானியின் பயிற்சிதான் காவல்; அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானிகள் சிமுலேட்டரில் முழு ஸ்டாலுக்குள் சென்று மீளப் பழகுவது 2019 முதல் கட்டாயமாகியுள்ளது.