பனிமனிதன் செய்யும் பாலிமர் களிமண்: விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிறிஸ்துமஸ் மாதம் நெருங்கினால், கேக் சாமான்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் வண்ணக் காகிதமும் தொங்கவிடுவது நம் கடைகளில் வழக்கம். சில வருஷங்களாக அந்த வரிசையில் இன்னொரு சரக்கும் சேர்ந்திருக்கிறது. சிறு சிறு கட்டிகளாக, பல வண்ணங்களில், பிளாஸ்டிக் உறையில் வரும் ‘பாலிமர் கிளே’தான் அது. பனிமனிதன், பென்குயின், பனிக்கரடி, பனி படிந்த மரம் என்று குளிர்தேசத்து உருவங்கள் செய்ய இதை வாங்கிப் போகிறார்கள். பள்ளிக்கூடக் கைவேலைக்கும் குடில் அலங்காரத்துக்கும் இது போகிறது.

இடம் அடைக்காத சரக்கு. வண்டு விழாது, எடை குறையாது. ஆயினும் விவரம் தெரியாமல் விற்றால் வாடிக்கையாளரை இழக்க வைக்கும் சரக்கும் இதுவே. என்னிடம் கொள்முதல் செய்யும் சில்லறைக் கடைக்காரர் ஒருவரிடம் ஓர் அம்மாள், பிள்ளை செய்த பொம்மையைக் கொண்டுவந்து வைத்து, “அண்ணாச்சி, பதினைந்து நாளா வெயிலில் வைத்தேன். இன்னும் அமுக்கினால் குழிகிறதே, பழைய சரக்கைக் கொடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டாராம். சரக்கு நல்ல சரக்குதான். அது காயாது என்பதை விற்கும்போது யாரும் சொல்லவில்லை.

பெயரில் உள்ள குழப்பம்

‘கிளே’ என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்குகள் சந்தையில் இருக்கின்றன.

முதலாவது, தானே காயும் களிமண். இதில் நீர் இருக்கிறது. உறையைப் பிரித்து உருவம் செய்து வைத்தால் நீர் வற்றி ஓரிரு நாளில் இறுகிவிடும். இரண்டாவது, நாம் பள்ளிக்கூடத்தில் கண்ட பிளாஸ்டிசின். எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது. எத்தனை நாளானாலும் இறுகாது, திரும்பத் திரும்பப் பிசையலாம். மூன்றாவதுதான் பாலிமர் கிளே.

பெயரில் மண் இருந்தாலும் இது மண் அல்ல. தண்ணீர்க் குழாய்க்கு உபயோகிக்கும் அதே பி.வி.சி.யின் நுண்ணிய தூளோடு, அதை இளக வைக்கும் எண்ணெய் போன்ற திரவத்தையும், நிரப்புப் பொடியையும், சாயத்தையும் கலந்து பிசைந்தது. இதில் நீர் கிடையாது. ஆகவே வெயிலோ காற்றோ இதை உலர்த்த முடியாது. ஓவனில் சூடேறும்போது அந்தத் திரவம் பி.வி.சி. தூளுக்குள் புகுந்து, துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்கின்றன. ஆறியதும் கெட்டியான பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது.

எனவே கல்லாவில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “வீட்டில் ஓவன் இருக்கிறதா?” என்பதுதான். இல்லை என்றால் தானே காயும் களிமண்ணை எடுத்துக் கொடுங்கள். அந்த வியாபாரம் அன்றைக்குச் சிறியதாக இருக்கலாம். ஆனால் வாடிக்கை நிலைக்கும்.

எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியில் கேத்தே குரூஸே என்ற அம்மையார் பெயர்பெற்ற பொம்மை உற்பத்தியாளர். அவருடைய மகள் ஸோஃபி. வீட்டில் ‘ஃபிஃபி’ என்று அழைப்பார்கள். இந்த மாதிரிப் பொருளைக் கைவேலைச் சரக்காக உருவாக்கியவர் அவர். 1964ல் எபெர்ஹார்ட் ஃபேபர் என்ற கம்பெனி அதை வாங்கி ‘ஃபீமோ’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. ‘ஃபிஃபி’யின் முதல் எழுத்தே பெயரில் முன்னால் நிற்கிறது. இப்போது அது நூரம்பெர்க் நகரத்து ஸ்டெட்லர் கம்பெனியின் சரக்கு. நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் பென்சில் விற்கும் அதே கம்பெனிதான். கிறிஸ்துமஸ் சந்தைக்கும், 1950 முதல் நடந்துவரும் பொம்மை வர்த்தகக் கண்காட்சிக்கும் பெயர்போன ஊர் நூரம்பெர்க்.

அமெரிக்காவில் ‘ஸ்கல்பி’ வந்த கதை வேறு. 1960களில் மின்சார டிரான்ஸ்பார்மர்களின் சூட்டை வெளியேற்றுவதற்கென்று தயாரித்த ஒரு கலவை அந்த வேலைக்கு உதவவில்லை. அதுவே பிறகு உருவம் செய்யும் கிளேயாக விலைபோயிற்று.

அந்த நாடுகளில் குளிர்காலத்தில் பகல் குறுகி, ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் நேரம் அதிகம். ஓவனும் அநேகமாக எல்லார் வீட்டிலும் உண்டு. அதனால் பனிமனிதன் செய்வது அங்கே குடும்பக் கைவேலையாயிற்று. பொம்மை டிசம்பரில் மரத்தில் தொங்க வேண்டுமென்றால் களிமண் அதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். நாமும் அக்டோபர், நவம்பரிலேயே இருப்பு வைத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வரும் சரக்கு அடுத்த வருஷம் வரை தூங்கும்.

பனிமனிதன் செய்யும் முறை

வாங்குபவருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கேனும் விற்பவர் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வெள்ளையை எடுக்க வேண்டும். வெள்ளைக் கட்டி தூசியையும் துணி இழையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். சிவப்பையும் கறுப்பையும் தொட்ட கையோடு வெள்ளையைத் தொட்டால் பனி அழுக்காகிவிடும். அலுமினிய ஃபாயிலைக் கசக்கி இறுக்கமான உருண்டையாக்கி, அதன்மேல் களிமண்ணைப் போர்த்துவது நல்லது. களிமண் குறைவாகச் செலவாகும். உருவமும் உள்வரை ஒரே சீராக வேகும்.

பெரிய உருண்டைமேல் சிறிய உருண்டையை வைத்து, நடுவில் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகினால் தலை விழாது. பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் மெல்லத் தட்டினால் மேற்பரப்பு பனிபோல் சொரசொரப்பாகும். ஆரஞ்சில் கேரட் மூக்கு, கறுப்பில் கண்ணும் தொப்பியும், சிவப்பு நாடாவில் கழுத்துத் துணி. அச்சில் அழுத்திச் செய்வோர் ஒட்டாமல் இருக்க அச்சில் கார்ன்ஃப்ளார் மாவைத் தூவுகிறார்கள். பீடத்தில் பனி கிடப்பதுபோல் காட்ட வெள்ளைப் பசையில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவுவோரும் உண்டு. இவ்விரண்டும் நம் கடைச் சரக்குகளே.

வேகவைப்பதில் எச்சரிக்கை

சூடும் நேரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபீமோவுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ஸ்கல்பி வகைகளுக்குச் சுமார் 130 டிகிரி. 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 15 முதல் 30 நிமிடம் வரை. உறையில் அச்சிட்டிருப்பதே கணக்கு. சூடு குறைந்தால் உருவம் இறுகினதுபோல் தெரிந்தாலும் பிறகு உடையும். சூடு மிஞ்சினால் வெள்ளை பழுப்பாகும். மேலும் மிஞ்சிக் கருகினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அமிலப் புகை கிளம்பும். அப்படி நேர்ந்தால் அடுப்பை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. ஓவன் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

ஆறிய பிறகு பளபளப்புக்காக நகப்பாலிஷ் பூசுகிறார்கள். அது கொஞ்ச நாளில் பிசுபிசுத்துவிடும். இந்தக் களிமண்ணுக்கென்றே விற்கும் வார்னிஷைச் சொல்லுங்கள்.

கடையில் வைக்கும் விதம்

தகரக் கூரைக் கிடங்கில் சித்திரை வெயிலில் இதைப் போட்டுவைத்தால் உறைக்குள்ளேயே பாதி வெந்து, பிசைந்தால் உதிரும். அப்படி ஆனதைத் திருத்த முடியாது. நிழலான, குளிர்ந்த இடத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள். கொள்முதல் செய்யும்போதே உறைமேல் விரலால் அமுக்கிப் பாருங்கள், இணங்க வேண்டும்.

பிரித்த கட்டியை நம் வழக்கப்படி செய்தித்தாளில் மடிக்கலாகாது. காகிதம் அதிலுள்ள திரவத்தை உறிஞ்சிவிடும். கண்ணாடிபோல் தெரியும் சிலவகைக் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாக்களை அந்தத் திரவம் அரித்து ஒட்டிக்கொள்ளும். சாதாரண பாலிதீன் உறையே போதுமானது.

தின்பண்டத்தோடு சேர்க்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கேக்குமேல் வைக்கச் சர்க்கரைப் பசையிலும் பனிமனிதன் செய்து விற்கிறார்கள். பாலிமர் பனிமனிதனும் பார்வைக்கு அப்படியேதான் இருப்பான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. கடித்துவிடும், சிறு துண்டு தொண்டையில் அடைக்கவும் கூடும். ஆகவே கேக் சாமான்களிலிருந்து தள்ளி, ஸ்டேஷனரி பக்கம் வையுங்கள். கேக் அலங்காரத்துக்குக் கேட்பவரிடம், இது உணவில் படக்கூடிய பொருள் அல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். களிமண் தேய்த்த சப்பாத்திக் கட்டையும், அதை வெட்டிய கத்தியும், வேகவைத்த தட்டும் பிறகு சமையலுக்கு ஆகாது.

சட்டமும் பில்லும்

பி.வி.சி.யை இளக வைக்கும் திரவங்களில் தாலேட் என்ற ஒரு வகை உண்டு. பிள்ளைகளின் பொருள்களில் அவற்றில் சிலவற்றை ஐரோப்பாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும், அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்தின. கம்பெனி பெயரோ உட்பொருள் விவரமோ இல்லாத மலிவுச் சரக்கைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையில்லாமல் தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் பெரிய வணிக வளாகக் கடைகளிலேயே சோதனை நடத்திப் பறிமுதல் செய்தார்கள். ஆகவே பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று வரும் களிமண் பெட்டிகளில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள். பில் போடும்போது உருவம் செய்யும் பசைகளுக்கு 3407 என்ற தனித் தலைப்பு இருக்கிறது, பொம்மைகளுக்கு 9503. வரி விகிதத்தை உங்கள் கணக்கரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அரிசியும் பருப்பும் விற்கும்போது பழசா புதுசா, வேக எவ்வளவு நேரமாகும் என்று நாம் சொல்லியே கொடுக்கிறோம். இந்தப் புதுச் சரக்குக்கும் அந்த வழக்கம் வேண்டும். ஓவனில்தான் இறுகும், உணவில் படக்கூடாது, சூட்டை மிஞ்சவிடாதீர்கள் என்ற மூன்று வார்த்தைகளை ஓர் அட்டையில் எழுதிச் சரக்கின் பக்கத்தில் மாட்டிவையுங்கள். கடைப் பையன் சொல்ல மறந்தாலும் அட்டை சொல்லும்.