மூத்தோருடன் மலைக்கோயில் யாத்திரை

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், 76 வயதான என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு பழனிக்குச் சென்றேன். பக்கவாதம் கண்டு பிழைத்தவர். இடக்காலை இழுத்துத்தான் நடப்பார். குலதெய்வமான முருகனை மலைமீது சென்று இன்னொரு முறை காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம். 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது, கவலை என்ன என்று எண்ணி நான் எதையும் விசாரிக்கவில்லை. அடிவாரத்தை அடைந்த பிறகே, வருடாந்திரப் பராமரிப்புக்காக அது நிறுத்தப்பட்டிருப்பது தெரிந்தது. விஞ்ச் நிலையத்தில் வரிசை நீண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் அவருடைய கால் நடுங்கத் தொடங்கிவிட்டது.

“போதும் தம்பி, இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்” என்றார்.

பிறருடைய கடன் விண்ணப்பங்களை வரிவரியாகச் சரிபார்த்தே வங்கிப் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். சொந்தத் தமக்கையின் யாத்திரைக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூடச் செய்யவில்லை. குறை என்னுடையதே.

அன்று எங்கள் மனத்தைத் தேற்றியது திருஆவினன்குடி. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் மூன்றாம் படைவீடாகப் போற்றுவது அடிவாரத்தில் அமைந்த இத்தலத்தையே. மலை ஏறாமலே, மயில்மீது அமர்ந்த குழந்தை வேலாயுத சுவாமியைத் தமக்கையார் கண்குளிரக் கண்டார். மலை ஏற இயலாதவர்களை நேரே ஊருக்குத் திருப்பி அழைத்துப் போகாதீர்கள்.

அதன் பிறகு, எந்தத் தலத்துக்குப் புறப்பட்டாலும் முதலில் படிகளைப் பற்றி விசாரிக்கிறேன். சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகளின் கணக்கில் 60 படிகள். திருத்தணியில் 365 படிகள் இருந்தாலும், வாகனம் மலைமேல் வரை செல்கிறது. திருப்பரங்குன்றம் குடைவரைக் கோயில். உள்ளேயே படியேறித்தான் கருவறையை அடையவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சோளிங்கரில் 1,305 படிகள் கொண்ட பெரிய மலைக்கு 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. ஆனால், யோக ஆஞ்சநேயர் எழுந்தருளியுள்ள சிறிய மலைக்கு இன்றும் கால்களே துணை. ஆகவே, “ரோப் கார் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது. இன்று ஓடுகிறதா, பலத்த காற்றினால் நிறுத்தியிருக்கிறார்களா, இறங்கிய பின் எத்தனை படிகள், கைப்பிடி உண்டா என்றும் கேட்கவேண்டும். உயிர்வாழ்ச் சான்று அளிக்க நவம்பர்தோறும் வங்கிக்கு வரும் ஓய்வூதியர்கள் வாசலின் மூன்று படிகளில் பட்ட பாட்டைக் கண்டிருக்கிறேன். கைப்பிடி இல்லாத மூன்று படிகள், கைப்பிடியுள்ள முப்பது படிகளைவிடக் கடினமானவை.

அடுத்தது பாதம். கோயிலுக்குள் செருப்பில்லை. நண்பகலில் பிராகாரக் கல் அடுப்பாகக் காய்கிறது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு அந்தச் சூடு தெரியாது. விடுதிக்குத் திரும்பியபின் கொப்புளம்தான் தெரியும். அது ஆறாத புண்ணாக மாறினால் காலுக்கே ஆபத்து. விடியற்காலையில் தரிசனத்தை முடித்துவிடுவது நல்லது. வெயிலில் நடக்க நேர்ந்தால் தடித்த துணிக் காலுறை உதவும். ஈரத்தரையில் அதுவே வழுக்கும். அபிஷேக நீர் ஓடும் இடத்தில் கழற்றிவிடவேண்டும். இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடும் வழி முழுவதும் ஈரமே. முழங்கால் வலியுள்ளவர்கள் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் சுவாமி கோபிக்கமாட்டார்.

விரதம் பற்றியும் சொல்லவேண்டும். தரிசனம் முடியும் வரை பச்சைத் தண்ணீரும் பருகாத பழக்கம் நம் பாட்டிமார்களுடையது. நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றில் வரிசையில் நின்றால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மடியில் கற்கண்டு இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்; பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள். கழிப்பறைக்கு அஞ்சி, நீர் பிரியும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் முதியவர்கள் ஏராளம். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்கவேண்டும். வேளையை மாற்றலாமா என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரயில் பயணத்துக்கு ஒரு குறிப்பு. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுவிட்டது. எனினும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கான தனி ஒதுக்கீடு உண்டு. அது ஒருவர் அல்லது இருவர் மட்டும் உள்ள பயணச்சீட்டுக்கே பொருந்தும். குடும்பத்தார் ஆறு பேருக்கும் ஒரே சீட்டாக எடுத்துவிட்டு, பாட்டிக்கு மேல்படுக்கை வந்ததே என்று புலம்பிப் பயனில்லை. பெரியவர்களுக்குத் தனிச்சீட்டு எடுங்கள்.

மறு ஆண்டு மாசியில், கிருத்திகையோ விடுமுறையோ இல்லாத ஒரு புதன்கிழமை, இரண்டு முறை தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு மீண்டும் பழனிக்குச் சென்றோம். என் மகன் ஒரு கையையும் நான் மறு கையையும் பற்றிக்கொள்ள, தமக்கையார் ரோப் காரில் ஏறினார். மேலே இராஜ அலங்காரத்தில் தண்டாயுதபாணியைக் கண்டபோது எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை என்றார். கீழே இறங்கிக் காபி அருந்தும்போதுதான் மெல்லக் கேட்டார்: “தம்பி, திருத்தணியில வண்டி மேல வரைக்கும் போகுமாமே?”