மதவாச்சி – தலைமன்னார் வீதி

குளமும் கடலும் அமைந்துள்ள முறையை அறிந்தார்க்கே மன்னார் வீதியின் போக்கு நன்கு விளங்கும். கண்டி – யாழ்ப்பாணப் பெருவீதியினின்றும் மதவாச்சியிற் பிரியும் இவ்வீதி, வடமேற்கு நோக்கிச் செட்டிகுளம், மடுச்சந்தி ஆகியவற்றைக் கடந்து முருங்கனை அடைகின்றது. அருவியாற்று நீரைத் தேக்கும் கட்டுக்கரைக்குளம் அப்பகுதி வயல்களை வளம்படுத்துகின்றது. அப்பாற் செல்வோர், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்துக்குக் கிளைவழியாற் செல்லலாம். மாதோட்டம் என்னும் பண்டைத் துறைமுகம் அத்தலத்தின் அயலிலே விளங்கியது.

பின்னர் வீதி, ஆழமற்ற கடலை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதியாலும் பாலத்தாலும் கடந்து தீவினுட் புகுந்து, மன்னார் நகர், பேசாலை வழியாகத் தலைமன்னாரில் முடிகின்றது. அங்கிருந்து தனுக்கோடிக்கு 1914 இற் கப்பற்சேவை தொடங்கிற்று. 1964 ஆம் ஆண்டுப் புயல் தனுக்கோடியை அழித்தது. இராமேசுவரத்துக்குத் தொடர்ந்த சேவையும் 1980களில் நின்றது. 1990 இற் பாலம் தகர்க்கப்பட்டபோது, பெருநிலத்து வீதி இருந்தும் தீவார்க்கு அதன் பயன் குன்றியது. 2010 இற் புதிய பாலம் திறக்கப்பட்டது. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட இவ்வீதியின் உயிர்நிலை அச்சிறு பாலமே என்பது இதனாற் பெறப்படும்.