வீடும் வில்லங்கமும்

'வில்லங்கம்' என்ற சொல் தமிழில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. தெருவில் அது வம்பு, தொல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அது ஒரு சொத்தின்மேல் ஏறியிருக்கும் அடுத்தவருடைய பாத்தியதை. பூர்வீக வீடொன்றைச் செப்பனிடப் போகிற பெண், பூட்டிய அறை, ராத்திரியில் காலடிச் சத்தம், நம்புவதா வேண்டாமா என்று புரியாத ஓர் ஆண் என்று போகும் காதல்-மர்மக் கதைகளில் நாம் முதல் அர்த்தத்தில்தான் வில்லங்கத்தைத் தேடுகிறோம். இரண்டாவது அர்த்தத்திலும் தேடிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கதைகளில் பயம் பேயின் பேரில் வந்தாலும் அதன் வேர் பத்திரத்தில் இருக்கிறது.

இந்த யோசனை எனக்குக் கோட்பாட்டு நூல் எதிலிருந்தும் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருவில் நாலு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்த தொழிற்சாலைப் பெண்களில் ஒருவர் ஓயாத நாவல் வாசகி. திருவண்ணாமலைப் பக்கம். செல்போனில் தொடர்கதை, பழைய புத்தகக் கடையில் மாத நாவல் என்று எது கிடைத்தாலும் படிப்பார். அப்படி ஒரு கதையை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தி, "கதையில அவ வீட்டைச் சரி பண்றா, கடைசில வீட்டுக்காரனே அவளைக் கட்டிக்கிறான். எங்க வீட்டை நான்தான் சார் சரி பண்ணேன். ஓட்டைப் பிரிச்சுட்டுத் தளம் போட்டது என் சம்பளத்துலதான். இப்ப அண்ணன் கையெழுத்து கேக்குது" என்றார். கதையையும் தன் வீட்டையும் அவர் ஒரே மூச்சில் வைத்துப் பேசியது எனக்கு யோசிக்கக் கொடுத்தது.

இந்தக் கதை வகையின் மூதாதைகளுக்குப் போவோம். ஆன் ராட்கிளிஃப் 1794-இல் வெளியிட்ட 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலை இருட்டுக் கோட்டை, திரை மூடிய படம், அமானுஷ்யச் சப்தங்கள் என்றே இலக்கிய வரலாறுகள் நினைவில் வைத்திருக்கின்றன. ஆனால் கதையை நகர்த்துவது எது? மான்டோனி என்பவன் தன் மனைவியைக் கோட்டையில் அடைத்து வைப்பதற்குக் காரணம், அவள் தன் சொத்தை அவனுக்கு எழுதிக் கொடுக்க மறுக்கிறாள். அவள் செத்த பிறகு அவளுடைய அண்ணன் மகள் எமிலியிடம் அதே கையெழுத்துக்காக நெருக்கடி தொடங்குகிறது. அமானுஷ்யமாகத் தெரிந்தவற்றுக்கெல்லாம் ராட்கிளிஃப் கடைசியில் இயற்கையான விளக்கம் கொடுத்துவிடுகிறார். விளக்கிக் கரைக்க முடியாமல் மிஞ்சுவது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

1847-இல் வந்த 'ஜேன் அயர்' இதை வேறு வழியில் தொடுகிறது. மாடியறையில் பூட்டப்பட்டிருக்கும் முதல் மனைவி பெரும் சீதனத்தோடு வந்தவள். அக்காலத்து ஆங்கிலேயச் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்தின்மேல் கணவனுக்கே அதிகாரம்; 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பிறகே இது மாறியது. ஜேன் தன் சித்தப்பாவின் சொத்து கைக்கு வந்த பிறகுதான் நாயகனிடம் திரும்பி வருகிறாள். அதற்குள் அந்தப் பழைய வீடு எரிந்து போயிருக்கிறது. 1938-இல் டாஃப்னி டு மாரியர் எழுதிய 'ரெபெக்கா'விலும் வீடு தீக்கு இரையாகிறது. இன்னொருத்தியின் வாசனை அடிக்கிற வீட்டில் புதியவள் உரிமையோடு குடியிருக்க முடியாது என்பதை இந்த எழுத்தாளர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும்.

இருபதாம் நூற்றாண்டின் மலிவுப் பதிப்புகளில் இந்த வகை பெருகியபோது ஜோன்னா ரஸ் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். இக்கதைகளில் வழக்கமாக இரண்டு ஆண்கள் இருப்பதை அவர் கவனித்தார். ஒருவன் கடுகடுப்பானவன், சந்தேகத்துக்கு உரியவன். இன்னொருவன் சாந்தமானவன், அனுசரணையானவன். முடிவில் முதலாமவன் காதலன் என்றும், இரண்டாமவன் கொலைகாரன் என்றும் தெரியவரும். அன்பானவனிடம்தான் ஆபத்து என்ற இந்த வாய்ப்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் வரும்போது இது தேவைப்படும்.

தமிழில் இந்த வகை தனியாக ஒரு பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. குடும்பக் காதல் நாவலிலும் மர்ம நாவலிலும் சினிமாவிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்றைப் பார்க்கிறேன்: நாயகி அந்த வீட்டுக்கு வேலைக்காகவோ மருமகளாகவோ வெளியிலிருந்து வருகிறாள். ஒட்டடை அடிக்கிறாள், பூஜையறை விளக்கை ஏற்றுகிறாள், பிரிந்த உறவுகளைச் சேர்க்கிறாள். வீடு உயிர் பெறுகிறது. கூலி, காதல். வீடு அவளுடையதாவது தாலி வழியாக. பட்டாவில் பெயர் ஏறினதா என்று எந்தக் கடைசி அத்தியாயமும் கேட்பதில்லை.

2005-இல் வந்த 'சந்திரமுகி'யை எல்லோரும் பார்த்திருப்போம். அரண்மனையை விலைக்கு வாங்குவது கணவன். பூட்டிய அறையின் சாவியைத் தேடிப் போவது மனைவி கங்கா. இந்த வீட்டில் யார் வாழ்ந்தாள், அவளுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கும் ஒரே ஆள் அவள்தான். படம் அந்தக் கேள்விக்கு வைக்கும் பெயர் மனநோய். குணமாவது என்றால் கேட்பதை நிறுத்துவது.

அந்தப் படம் ஏப்ரலில் வந்தது. அதே 2005 செப்டம்பர் 9-இல் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. சம்பந்தமில்லாத இரண்டு நிகழ்ச்சிகள்தான். ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் அதன் 23-ஆம் பிரிவு ஒரு பூட்டுப் போட்டிருந்தது: குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது. குடியிருக்கும் உரிமையும் மணமாகாத, கைவிடப்பட்ட, பிரிந்து வந்த, விதவையான மகளுக்கு மட்டுமே. நிலத்தில் பங்கு உண்டு, வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. நம் கதைகளில் மகள் தன் பிறந்த வீட்டின் நாயகியாக வராமல் எப்போதும் இன்னொரு வீட்டுக்குள் நுழைந்துகொண்டே இருப்பதற்கும் இந்தப் பூட்டுக்கும் உறவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தமிழ்நாடு 1989-லேயே மகளைக் கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளியாக்கியது. ஆனால் அந்தச் சட்டம் வருமுன் மணமாகிப் போனவர்களை விட்டுவிட்டது. 2005 திருத்தம் நாடு முழுக்க மகளைப் பங்காளியாக்கியதோடு 23-ஆம் பிரிவையே நீக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் அது தொடவில்லை. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது.

சட்டம் கதவைத் திறந்ததும் கதை வேறு இடத்துக்கு நகர்ந்தது. மகளின் கையெழுத்துக்கு இப்போது விலை வந்துவிட்டது. எங்கள் பகுதியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடியது. ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்துக்கு யாரும் கனவு காணாத விலை. அப்போதுதான் பல வருஷமாகப் பொங்கல் சீரோடு முடிந்துபோயிருந்த அக்கா தங்கைகள் நினைவுக்கு வருகிறார்கள். வாங்குகிறவர் வக்கீல் வைத்துப் பார்க்கிறார். வாரிசுச் சான்றிதழில் மகள்களின் பெயர் இருக்கிறது. அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். உள்ளூர்ப் பெண்ணின் கையெழுத்து நிலத்தை விற்றுக் கொடுக்கிறது. இங்கே வேலைக்கு வரும் வெளியூர்ப் பெண்ணின் சம்பளம் எங்கோ ஓர் ஊரில் தகப்பன் வீட்டை எடுத்துக் கட்டுகிறது. இப்படி வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் அடையாளம், 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது.

இங்கே வில்லங்கச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும்: விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை. பிறப்பால் வரும் உரிமை எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று அரசு முத்திரையோடு தாள் வரும். மகளின் பங்கு அந்தச் சொத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அவள் பெயர் அந்தத் தாளில் முதல் முறையாக வருவது அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற அன்றைக்குத்தான். இருக்கிறாள், ஆனால் கண்ணில் படமாட்டாள். பேய்க்கதைக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்?

ரஸ் சொன்ன சாந்தமான ஆண் இங்கே வந்து நிற்கிறான். நம் ஊரில் அவன் மிரட்டமாட்டான். "நமக்குள்ள என்னம்மா பேப்பர்" என்பான். உண்மையில் பாசமாகவும் இருப்பான், அதுதான் சிக்கல். எங்கள் தெருப் பெண்ணிடம் நான் சட்டம் சொன்னேன். அந்த வீடு தாத்தா காலத்தது, பங்கு உனக்கும் உண்டு, கூரைக்கு அனுப்பின பணத்துக்கு ரசீதை வைத்துக்கொள் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போடலன்னா நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எந்த வீட்டுக்கு சார் போவேன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பாகத்தைக் கேட்டால் போக்கிடம் போகும். போக்கிடம் வேண்டுமென்றால் பாகத்தை விட வேண்டும். மான்டோனிக்குக் கோட்டை தேவைப்பட்டது. நமக்கு இந்த ஒரு கணக்கே போதுமாக இருக்கிறது.

இந்த நாவல்களைப் படிக்கும் பெண்கள் ஏமாளிகள் என்று நம் சிற்றிதழ்க்காரர்கள் லேசாகச் சொல்லிவிடுவதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ஆய்வில் காதல் நாவல் வாசகிகளிடமே போய்க் கேட்டபோது, வீட்டு வேலைகளுக்கு நடுவே தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரம் என்று வாசிப்பை அவர்கள் விளக்கினார்கள். பன்னிரண்டு பேர் படுக்கிற விடுதி அறையில் ஒரு பெண் பெரிய பழைய வீட்டைப் பற்றிப் படிக்கிறாள் என்றால், அதில் அறைகள் இருக்கின்றன, கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நான் குறை சொல்வது எழுதுகிறவர்களை. பிறந்த வீட்டையே செப்பனிடத் திரும்பி வருகிற மகள், அவள் அனுப்பிய பணத்தில் போட்ட தளம், கூடத்தில் காத்திருக்கும் முத்திரைத்தாள், அன்பான அண்ணன். மர்மத்துக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா என்று கடைசிப் பக்கம் வரை நம்மைப் பிடித்து உட்கார வைக்கிற நாவல் ஒன்று தமிழில் வரவேண்டும். எங்கள் தெருப் பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. புதுசாக ஒரு கதை படித்துக்கொண்டிருந்தார்.