மழை விட்டா ஸ்டார்ட் ஆகும் லாரி... கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஐப்பசி அடைமழை. கீழப்பழுவூர் தாண்டி, திருமானூர் கொள்ளிடம் பாலத்தை நெருங்குகிறது சிமென்ட் லோடு ஏற்றிய லாரி. திடீரென்று இரண்டு குலுங்கல், எஞ்சின் ஆஃப். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி மட்டும் எடுக்கவில்லை. பின்னால் தஞ்சாவூர் பஸ் ஹாரன் அடிக்கிறது. டிரைவர் ஓனருக்கு போன் போடுகிறார். ஓனர் மெக்கானிக்குக்குப் போடுகிறார். மெக்கானிக் ரெயின் கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து சேர்வதற்குள் மழை விட்டு வெயிலே எட்டிப் பார்த்துவிடும்.

``எங்க, ஒரு தடவை செல்ஃப் அடிங்க பார்ப்போம்...''

அடித்ததும் ஸ்டார்ட்!

``நல்லாத்தானே இருக்கு?''

``இல்லண்ணே, இவ்வளவு நேரம் எடுக்கவே இல்லண்ணே!''

லாரி ஓட்டுகிற யாருக்கும் பழகிய காட்சி இது. பணம் கரையத் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். கோளாறு கண்ணில் படாததால் சந்தேகத்தின் பேரில் பேட்டரியை மாற்றுவார்கள். அடுத்த மழையில் மறுபடி நிற்கும். நாசிலைக் கழற்றுவார்கள், பம்பைப் பிரிப்பார்கள். ஒரே வண்டியை வைத்து, மாதத் தவணை கட்டிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அந்த பில்லைவிட, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாள்களில் கைவிட்டுப் போகும் லோடுதான் பெரிய அடி. கரைவெட்டி ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் மாதங்கள்தான் இந்தச் சிக்கலுக்கும் சீசன்.

மழைக் கோளாறின் வில்லங்கமே, சாட்சியம் காய்ந்துபோய்விடுவது. மெக்கானிக் வரும்போது ஈரம் இருக்காது. வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்தில் டிரைவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

``ஸ்பார்க் நனைஞ்சிருக்கும்'' என்று வேடிக்கை பார்ப்பவர்கள் சொல்வது உண்டு. அது பெட்ரோல் வண்டிக் கதை. அந்தக் கால அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும். இன்றும் பெட்ரோலில் ஓடும் குட்டி யானை மழையில் நின்றால் இக்னிஷன் காயிலையும் பிளக் ஒயரையும் முதலில் பார்க்கலாம். டீசல் லாரியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிற எஞ்சின் அது. அதற்குக் காற்று வேண்டும், டீசல் வேண்டும், புது வண்டி என்றால் கம்ப்யூட்டரின் உத்தரவும் வேண்டும். இந்த மூன்றில் மழை எதைத் தடுத்தது என்பதுதான் கேள்வி.

வண்டியை ஓரங்கட்டி, ஹசார்டு லைட் போட்டு, பின்னால் முக்கோணம் வைத்த பிறகு சாவியைத் திருப்பிப் பாருங்கள். செல்ஃப் சுற்றாமல் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வந்து, ஹெட்லைட்டும் மங்கினால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். பேட்டரி முனை, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை, செல்ஃப் ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். எர்த் பட்டை பச்சை பூத்து, நாலு நரம்பில் தொங்கிக்கொண்டிருந்தால், வெயிலில் ஒப்பேற்றிவிட்டு ஈரத்தில் கைவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறதா? அப்போது ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். பி.எஸ். 4 வண்டிகளிலும், 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 வண்டிகளிலும் கிராங்க் சென்சார் என்று ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. எஞ்சின் சுற்றுவதை அது சொன்னால்தான் கம்ப்யூட்டர் டீசலை விடும். செல்ஃப் சுற்றும்போது முள் துளிகூட அசையாமல் படுத்தே கிடந்தால், முதல் சந்தேகம் அந்த சென்சார் மீதும் அதன் கனெக்டர் மீதும்தான். பழைய வண்டி பலவற்றில் சாவியை ஆன் செய்ததும் பம்ப் பக்கம் ஒரு 'டக்' கேட்கும். அது ஸ்டாப்பர் சாலினாய்டின் சத்தம். வழக்கமாகக் கேட்கிற அந்தச் சத்தம் இன்று இல்லையென்றால், டீசலின் வழி திறக்கவில்லை.

அடுத்தது டீசல். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். அரை டேங்க்கில் இரவெல்லாம் நிற்கும் வண்டியிலும் உள்சுவரில் ஈரம் கோத்துச் சொட்டும். வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தனிக்கோடாக நிற்கும். அப்படி நின்றால், தண்ணீர் போகும்வரை வடித்துவிட்டு, ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால் பெரும்பாலும் வண்டி கிளம்பும். பிடித்ததை ரோட்டில் கொட்டாதீர்கள். பின்னால் வருகிற டூவீலர் வழுக்கும்.

காற்று விஷயத்தில் அரியலூர் பக்கத்துக்கென்று தனிச் சங்கடம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஓடும் சாலைகளில் ஏர் ஃபில்டர் சீக்கிரமே தூசு குடித்துவிடும். அதன்மேல் ஈரம் பட்டால் பசை மாதிரி அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் கூட்டின் அடியில் தண்ணீரை வெளியே விட ஒரு ரப்பர் வாய் உண்டு. அதுவும் தூசுப் பசையால் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். விரலால் அந்த வாயைப் பிதுக்கிவிட ஒரு நிமிடம் போதும். ஆனால், பலர் அதைத் தொடுவதே இல்லை. கனெக்டர்களிலும் இதே கதைதான். படிந்த தூசு ஈரத்தைப் பிடித்துவைத்து, கரன்ட் போகக்கூடாத இடத்துக்கும் வழி போட்டுக்கொடுக்கிறது.

இதிலும் பிடிபடவில்லையா? ஒர்க்‌ஷாப்பில் மழையை வரவழைத்துவிடலாம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு கனெக்டருக்கு லேசாகத் தெளித்து, இரண்டு நிமிடம் காத்திருந்து, அடுத்ததற்குப் போக வேண்டும். எதை நனைத்ததும் எஞ்சின் திணறுகிறதோ, அங்கேதான் ஓட்டை. ஏர் வாயிலும், ஃபேன் பக்கமும், கொதிக்கும் டர்போ மீதும் தெளிக்கக்கூடாது. இதை மெக்கானிக் செய்வதே நல்லது. ஸ்கேனர் சொல்லாததைக்கூட இந்த பாட்டில் சில நேரம் சொல்லிவிடும்.

இடம் தெரிந்துவிட்டால் வேலை சின்னதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரைத் துடைத்துக் காயவைத்து, கிழிந்த ரப்பர் சீலை மாற்றினால் போதும். பாலித்தீன் பையை இறுக்கிக் கட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நுழையும் முன் கீழே தொய்ந்து, பிறகு மேலேறும். தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிப் போய்விடும். கனெக்டருக்குப் போகும் ஒயரையும் அப்படித் தொய்வாகக் கட்டினால் தண்ணீர் உள்ளே வழியாது.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் சாவியையே தொடக்கூடாது. தேங்கிய வெள்ளத்தில் இறங்கி வண்டி நின்றிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அழுத்துவதுபோலத் தண்ணீரை அழுத்த முடியாது. செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்' என்று இன்ஷூரன்ஸில் கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு. அங்கே கட்டி இழுப்பது ஒன்றே வழி.

மற்றபடி, நின்ற இடத்திலேயே செல்போனை எடுத்துவிடலாம். செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டை, சத்தத்தோடு சேர்த்து அரை நிமிட வீடியோவாகப் பிடித்து அனுப்பினால், பைக்கை எடுக்கும் முன்பே மெக்கானிக்கிடமிருந்து பதில் வரும்.

``முள்ளு அசையவே இல்லையேப்பா... கிராங்க் சென்சாரும் கனெக்டரும் எடுத்துட்டு வர்றேன். நான் வர்றவரைக்கும் எதையும் கழட்டாதீங்க!''