புதிய நிலப்படக் கலையும் அதனைக் கற்பிக்கு முறையும்

நிலப்படம் என்றவுடன் நம் கல்லூரியிற் கற்றோர் பலருக்கு நினைவில் எழுவது வகுப்பறைச் சுவரிலே தொங்கிய துணிப்படமேயாகும். மலைகள் கபில நிறத்தாலும் கடல் நீல நிறத்தாலும் தீட்டப்பெற்ற அப்படத்தை ஆசிரியர் பிரம்பினாற் சுட்ட, மாணாக்கர் ஊரும் ஆறும் பெயர் சொல்லுவர். அது கிழிந்தாலன்றி மாற்றப்படுவதில்லை. இன்றைய மாணாக்கனின் கைத்தொலைபேசியில் விரிகின்ற நிலப்படமோ வேறு வகையினது. அதனைத் தாளினின்று கண்ணாடிக்கு ஏறிய பழைய படமென்றே கருதுவோர் உளர். அக்கருத்தோடு கற்பிக்கப் புகுந்தால், மாணாக்கர் பொத்தானை அழுத்தப் பழகுவரேயன்றிப் பொருளை அறியார். இதனைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவதேன் என்று வினவுவார்க்கு எம் விடை சுருக்கமானது. நிலப்படத்திற் பாதி கோடு, மறுபாதி பெயர். பெயர்ப் பாதி எம் பாடத்தைச் சேர்ந்தது. கோட்டுப் பாதியைப் புவியியல் ஆசிரியரோடு கூடி மாணாக்கருக்குக் காட்டும் வாய்ப்பும் எமக்குக் கிடைத்து வருகின்றது.

இலக்கமுறை நிலப்படம் என்பது யாது? ஓரிடத்தை எண்களாக எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டியவாறு வரைந்து காட்டுவதே அது. ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கரையிலுள்ள புள்ளி ஒவ்வொன்றுக்கும் அகலக்கோட்டு எண் ஒன்று, நெடுங்கோட்டு எண் ஒன்று என இரண்டிரண்டாக எழுதினால் அவ்வெண் வரிசையே குளமாகின்றது. அதனோடு ஓர் அட்டவணையிற் குளத்தின் பெயர், ஆழம், தூர்வாரிய ஆண்டு முதலியனவும் சேர்க்கப்படும். குளங்கள் ஒரு படலம், வீதிகள் மற்றொரு படலம், கிணறுகள் இன்னொன்று. படலங்களை ஒன்றன்மேலொன்றாக வைத்துக் கணினியிடம் வினா விடுக்கலாம். வீதியிலிருந்து நூறு மீற்றருக்குள் அமைந்த கிணறுகள் எவை எனின், அது எடுத்துத் தரும். சுவர்ப்படத்தை இவ்வாறு வினவ இயலாது. கனடா நாட்டில் 1960களில் றோஜர் ரொம்லின்சன் என்பார் அந்நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுத்தற்பொருட்டு இம்முறையை முதன்முதல் அமைத்தார். புவியியல் தகவல் முறைமை என்று இன்று வழங்குவது அதுவே.

இதனைக் கற்பிப்பதற்குக் கணினி முதலில் வேண்டியதில்லை. நாம் கைக்கொள்ளும் முறை இது. ஒரு குழுவினர் சதுரக்கோட்டுத் தாளில் விளையாட்டு மைதானத்தையும் கிணற்றையும் வேப்பமரத்தையும் வரைவர். பின்பு படத்தை மறைத்துவிட்டு எண் வரிசையை மட்டும் அடுத்த அறையிலுள்ள குழுவினரிடம் கொடுப்பர். படத்தைக் காணாத அவர்கள் எண்களைக் கொண்டே மைதானத்தை மீட்டு வரைதல் வேண்டும். ஓர் எண் பிழைத்தாற் கிணறு மைதானத்தின் நடுவே வந்து நிற்கும். அன்று எழும் சிரிப்பிலே மாணாக்கர் கற்பது, குறிப்புக் கொப்பியில் நான்கு பக்கம் எழுதுவித்தாலும் வாராது.

செய்மதிப் படங்கள் இவற்றின் வேறானவை. அவை சிறு சிறு சதுரங்களாலாயவை. சதுரம் ஒவ்வொன்றும் ஒளியின் அளவைக் குறிக்கும் எண்ணாகும். அமெரிக்கர் 1972ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஏவிய முதலாவது லான்ட்சற் செய்மதியின் படத்தில் ஒரு சதுரம் ஏறத்தாழ 80 மீற்றர் நிலத்தை அடக்கிற்று. நம்மூர் வளவு வீடு, கிணறு, மாமரம் யாவற்றுடனும் அச்சதுரத்துள்ளே மறைந்துபோகும். ஐரோப்பியர் 2015இல் ஏவிய சென்ரினல் இரண்டு என்னும் செய்மதியின் படத்திற் சதுரம் 10 மீற்றராகக் குறுகிற்று. அப்படங்களை எவரும் விலையின்றிப் பெறலாம். லான்ட்சற் படங்களும் 2008 முதல் அவ்வாறே வழங்கப்படுகின்றன. ஒரே வயல்வெளியின் மாரிக் காலப் படத்தையும் கோடைக் காலப் படத்தையும் அருகருகே வைத்தால், மழைநீர் எங்கே தேங்குகின்றது என்பதை மாணாக்கர் தாமே கண்டு சொல்லுவர்.

இனி, தொலைபேசி தான் நிற்கும் இடத்தை அறிவது எவ்வாறு? ஜி.பி.எஸ். எனப்படும் அமைப்பில் குறைந்தது 24 செய்மதிகள் தரைக்கு மேலே 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தைக் கூறிக்கொண்டே செல்லும். அக்குறிப்பு வந்து சேரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தொலைபேசி தூரத்தைக் கணிக்கின்றது. ஒரு செக்கனை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லுந் தூரம் 30 சதமமீற்றர். ஆகவே நேரத்தில் இம்மி பிசகினும் இடம் பிசகும். மூன்று செய்மதிகள் போதுமே, நான்காவது எதற்கு என்று மாணாக்கர் கேட்பர். கேட்கத்தக்க வினாவே. செய்மதியில் இருப்பது அணுக் கடிகாரம்; தொலைபேசியில் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிழையையும் கண்டு நீக்குதற்கே நான்காவது வேண்டப்படுகின்றது. மைதானத்தில் மூன்று கம்பங்களை நாட்டி, ஒவ்வொன்றிலுங் கயிறு கட்டி, கயிறுகளின் நுனி மூன்றும் சந்திக்கும் இடத்தைக் காண்பித்தபின் இதனை விளக்குதல் எளிது.

முற்காலத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்குரிய குறிப்பை வேண்டுமென்றே கலக்கி அனுப்பிற்று. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டபோது, நூறு மீற்றரளவு பிசகிய இடம் பத்து மீற்றருள் அடங்கிற்று. இன்று திறந்த வெளியிலே நல்ல தொலைபேசி ஐந்து மீற்றரளவிற் காட்டும். அடர்ந்த மாமரத்தின் கீழும் மாடிக் கட்டடத்தின் அருகும் அவ்வளவு நம்பலாகாது. எம் மாணாக்கர் ஒரே கிணற்றுக் கட்டில் வெவ்வேறு நாட்களில் நின்று பத்து முறை குறித்த புள்ளிகளைத் தாளில் இட்டபோது, அவை தூவிய நெல்மணி போற் சிதறிக் கிடந்தன.

இச்சிதறலின் பொருளை விளங்கவைக்க யாழ்ப்பாணத்து ஆசிரியன் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. கதியாலை அரை அடி தள்ளி நட்டமையால் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை எல்லோரும் அறிவோம். தொலைபேசியின் ஐந்து மீற்றர்ப் பிசகோ ஓர் ஒழுங்கையின் அகலத்துக்கு மேற்பட்டது! ஆதலால் திரையிலே தோன்றுங் கோட்டைக் காட்டி, "இது எங்கள் எல்லை" என்று எவரும் அயலவரோடு வாதிடலாகாது. எல்லையிடுதல் உரிமம் பெற்ற நில அளவையாளர் தொழிலாகும். இது வெறும் எச்சரிக்கையன்று. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பல்லாண்டு கழித்துத் தம் நிலத்துக்கு மீண்டபோது, வேலியும் ஒழுங்கையும் அடையாள மரமும் அழிந்து பற்றைக்காடாகக் கிடந்த இடங்கள் பல. எந்தக் கிணறு எவருடையது என்று அறிதலே அரிதாயிற்று. உறுதியிலே கிழக்கெல்லை இன்னார் நிலம், மேற்கெல்லை ஒழுங்கை என்று எழுதியிருக்கும். அவ்வின்னாரும் இல்லை, ஒழுங்கையும் இல்லையெனின் உறுதி என் செய்யும்? பழைய அளவைப் படத்தையும் பழைய வான்படத்தையும் இன்றைய செய்மதிப் படத்தையும் பொருத்திப் பார்க்கும் அறிவின் பயன் அத்தகைய இடத்திலேதான் தெரியும்.

அவ்வாறு பொருத்தும்போது ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தின் கோடுகளிலிருந்து அகலக்கோடும் நெடுங்கோடும் படித்தெடுத்து அவற்றை அப்படியே செய்மதிப் படத்தின் மீதிட்டால், கோயிலும் குளமும் சந்தியும் யாவும் ஏறத்தாழ இருநூறு மீற்றர் விலகி நிற்கும். முற்காலத்து அளவையாளர் தவறிவிட்டனர் என்று மாணாக்கர் உடனே தீர்ப்புக் கூறுவர். அவர்களோ தவறினாரல்லர். பூமி செம்மையான உருண்டையன்று. அதன் வடிவத்துக்கு எவரேனும் ஓரளவு கொள்ள வேண்டும். இலங்கையின் பழைய அளவை, இந்திய நில அளவையாளர் எவரெஸ்ற் 1830இல் கொண்ட வடிவத்தை ஏற்று, நீர்கொழும்பையடுத்த கந்தவலவை ஆதாரமாகக் கொண்டு செய்யப்பட்டது. செய்மதிகள் கொள்வதோ 1984ஆம் ஆண்டின் உலக வடிவத்தை. இரண்டிலும் பூமியின் நடுக்கோட்டு ஆரை 861 மீற்றர் வேறுபடும், நடுப்புள்ளியும் வேறு. ஒரே நூலைப் பதிப்பித்த இருவர் செய்யுள்களுக்கு வெவ்வேறு எண் இட்டாற்போல்வது இது. செய்யுள் ஒன்றே, எண்தான் இரண்டு.

நம் நாட்டுக் கட்டங்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. பீதுறுதாலகாலையை மையமாகக் கொண்ட மீற்றர்க் கட்டத்தில் அம்மையத்துக்கு முன்பு கிழக்கு 200,000, வடக்கு 200,000 என எண் இடப்பட்டிருந்தது. 1999இல் அமைந்த புதிய கட்டத்தில் அவை 500,000 ஆயின. எக்கட்டத்து எண் என்று கூறாமல் எண்ணை மட்டுங் கொடுப்பவன், ஊரைக் கூறாமல் வீட்டிலக்கத்தை மட்டும் எழுதிய தபாலுறையைப் பெட்டியிற் போடுபவனை ஒப்பான். பழைய மாணவருள் நில அளவைத் தொழிலில் இருந்தோர் இதனை எம்மினும் நன்கறிவர். அவர்கள் ஒரு நாள் வகுப்புக்கு வந்து பேசினால் மாணாக்கருக்கு எத்துணையோ பயனாம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2000ஆம் ஆண்டு பெப்ருவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட் சுற்றி, உலகின் பெரும்பகுதிக்கு உயரம் அளந்தது. ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஓர் உயர எண்ணாக அமைந்த அவ்வளவை மலைநாட்டுக்கு மிக ஏற்றது. யாழ்ப்பாணமோ தாழ்ந்த சமநிலம். கருவியின் பிசகே நம் நிலத்தின் ஏற்றத்தாழ்வுக்கு நிகர். அதன் கதிர்கள் மரத்தலையிற் பட்டும் மீள்வதாற் பனந்தோப்புக் குன்றாகத் தோன்றும். வழுக்கியாற்றின் போக்கை அவ்வெண்களைக் கொண்டு கணினியால் வரைய முயன்றால், வெள்ளம் பனையைச் சுற்றிக்கொண்டு போகும். அயலிலுள்ள முதிய கமக்காரரைக் கேட்டால் எம்மதகு எப்பக்கம் பாயும் என்று நின்ற நிலையிற் சொல்லிவிடுவார்.

இனிப் பெயருக்கு வருவோம். நம் ஊர்ப்பெயர்கள் நிலப்படத்துக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் வழியாகவே சென்றன. அவ்வெழுத்தில் லகர ளகர ழகரங்களுக்கும், ணகர நகர னகரங்களுக்கும் வேற்றுமை இல்லை. குறில் நெடிலும் மயங்கும். இப்போது இயந்திரம் அவ்வாங்கிலத்தை மீண்டுந் தமிழாக்கித் திரையில் இடுகின்றது. பலரும் பயன்படுத்தும் படமொன்றிலே நம் அயலூர்ப் பெயர்கள் சில வாயில் நுழையாத உருவில் நிற்பதை மாணாக்கரே கண்டு காட்டினர். ஊர்காவற்றுறை போர்த்துக்கேயரால் கைற்ஸ் ஆயிற்று. நெடுந்தீவு ஒல்லாந்தரால் டெல்வ்ற் ஆயிற்று. பருத்தித்துறைக்குப் போர்த்துக்கேயர் இட்ட பாறைமுனை என்னும் பெயரே ஆங்கிலத்திற் பொயின்ற் பீற்றோ எனத் திரிந்தது. பெரிய ஊர்களின் தமிழ்ப் பெயர் எவ்வாறேனும் நிலைக்கும். நாம் கவலுவது சிறு குறிச்சிகளையும் காணிகளையும் பற்றியே. கலட்டி என்று முடியும் பெயர் அந்நிலங் கல்நிலமென்று கூறும். தரவை என்பது கால்நடை மேய்ந்த வெளியைக் கூறும். திடல், புலம், பிட்டி என்பனவும் அவ்வாறே நிலத்தின் இயல்பை உரைப்பன. ஒல்லாந்தர் காலத் தோம்பிலும் பழைய உறுதிகளிலும் முதியோர் நாவிலும் இப்பெயர்கள் உள்ளன. திரையில் இல்லை. மாணாக்கன் வழி கேட்பது திரையிடமாதலின், அங்கே இல்லாத பெயர் அவனுக்கு இல்லாததே.

இதற்கு வழி உண்டு. 2004இல் இங்கிலாந்தில் ஸ்ரீவ் கோஸ்ற் என்பார் தொடங்கிய ஓப்பன்ஸ்ரீற்மப் என்னும் திறந்த நிலப்படத்தில் எவரும் எழுதலாம். ஓரிடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எனத் தனித்தனியே பெயரிட இடமுண்டு. வழக்கிலுள்ள மறுபெயரையுஞ் சேர்க்கலாம். யார் எப்போது எதனை மாற்றினார் என்பதும் பதிவாகும். 2010 சனவரியில் எய்ற்றி நாட்டில் நிலம் நடுங்கியபோது, பல நாட்டுத் தன்னார்வத்தோர் தத்தம் வீட்டிலிருந்தே செய்மதிப் படத்தைப் பார்த்து அந்நாட்டுத் தலைநகரின் வீதிகளை இதிலே வரைந்தனர். மீட்புப் பணியாளர் அதனைக் கொண்டு வழி கண்டனர். 2004 டிசெம்பரில் நம் கரையோரத்தைக் கடல் கொண்டபோது அம்முயற்சி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

உயர்தர வகுப்புப் புவியியலில் இவை இப்போது பாடமாயினமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து எழுதுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. பழைய கணினியிலும் ஒருவாறு ஓடும். குறைவது கருவியன்று, வெயிலில் நடக்கும் நேரம்.

எம் மாணாக்கர் நால்வர் நால்வராக ஒழுங்கைகளிற் சென்று பெயர் கேட்டு எழுதுகின்றனர். ஒரு பெயரை இருவரிடமேனும் கேட்டாலன்றிப் பதியலாகாது; இருவர் இரு பெயர் கூறின் இரண்டும் எழுதப்படும். எதனை எழுதலாகாது என்பதும் முன்னரே சொல்லப்படும். இன்ன வீட்டில் முதியவள் தனியே இருக்கின்றாள், இன்ன வீடு பூட்டிக் கிடக்கின்றது என்பன படத்துக்குரியனவல்ல. வளவுக்குள் உள்ள கிணற்றை உடையவர் இசைந்தாலன்றிக் குறிப்பதில்லை. உலகெங்கும் வாழும் பழைய மாணவர், தம் ஊரிலே தாம் நீந்திய கேணியின் பெயரையும், அது எந்த ஒழுங்கையின் எப்பக்கத்தில் இருந்தது என்பதையும் ஒரு கடதாசியிற் கோடு கீறிக் கல்லூரிக்கு அனுப்புவாராயின், அடுத்த தவணையில் மாணாக்கர் அவ்விடம் தேடிச் செல்வர்.