வயிறு சொல்வதைக் கேட்பவர் யார்?

நம் இல்லங்களில் ஒரு பெண்பிள்ளை வளரும் விதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மூன்று வயதில் அவள் தலையைத் திருப்பிக்கொண்டால், "உம்மாவுக்காக ஒரு வாய், வாப்பாவுக்காக ஒரு வாய்" என்று கெஞ்சுகிறோம். அன்று காக்கையைக் காட்டினோம். இன்று கைப்பேசியைக் காட்டுகிறோம். எப்படியோ மூடிய வாய்க்குள் சோறு போய்விடுகிறது. அதே பிள்ளை பதினாறு வயதில் இரண்டாம் முறை சோற்றுக்குக் கை நீட்டினால், "போதும், இப்போதே இப்படியிருந்தால் நாளை யார் வந்து பெண் கேட்பார்கள்?" என்கிறோம். நிக்காஹ் முடிந்து அவள் பிள்ளை பெற்றதும் நாற்பது நாளும் "தின்னு, தின்னு" என்ற உபசாரம். நாற்பது கழிந்த மறுவாரமே "உடம்பைப் பார், எப்படி ஆகிவிட்டாய்!" என்ற அங்கலாய்ப்பு. இத்தனை ஆண்டுகளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "உனக்குப் பசிக்கிறதா?"

வேண்டாதபோது திணிப்பதும் வேண்டும்போது தடுப்பதும் எதிரெதிரான செயல்களாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. உன் வயிற்றின் பேச்சை நம்பாதே, மற்றவர் பேச்சை நம்பு என்பதே அது. இப்பாடத்தை இருபது ஆண்டுகள் படித்துத் தேறியவள், பின்னர் தான் பசித்து உண்கிறாளா, கவலையில் உண்கிறாளா, சட்டியில் மிஞ்சியதை வீணாக்க மனமின்றி உண்கிறாளா என்பதைத் தானே அறியாதவளாகிவிடுகிறாள்.

அமெரிக்காவைச் சேர்ந்த எவலின் ட்ரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரு உணவியல் நிபுணர்கள் 1995-ஆம் ஆண்டில் இது குறித்து ஒரு நூல் எழுதினார்கள். எடை குறைப்பதற்காக அவர்களிடம் பட்டியல் வாங்கிச் சென்றவர்கள் சில மாதங்கள் அதன்படி நடந்து மெலிவார்கள். பின்னர் இழந்த எடையை மீண்டும் பெற்று, அதற்காகத் தம்மையே நொந்துகொண்டு திரும்பி வருவார்கள். பிழை அவர்களின் மன உறுதியில் இல்லை, பட்டியலிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். பசிக்கும்போது உண்பது, நிறைவு தோன்றும்போது நிறுத்துவது, எந்த உணவையும் பகையாகக் கருதாதிருப்பது, மனவருத்தத்துக்கு உணவை மருந்தாக்காதிருப்பது, தன் உடலமைப்பை இகழாதிருப்பது எனப் பத்து நெறிகளை அவர்கள் வகுத்தார்கள். 'உள்ளுணர்வு வழி உண்ணுதல்' என்று இதனை மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அச்சொல் சற்றுக் கரடுமுரடாகப் படுகிறது. 'வயிற்றின் சொல் கேட்டு உண்ணுதல்' என்றால் நம் பாட்டிமார்களுக்கும் விளங்கும். பசித்துப் புசி என்று நமக்குச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்களே அல்லவா?

வயிற்றுக்கு உண்மையிலேயே அத்தனை அறிவு உண்டா என்று சிலர் ஐயுறலாம். இதைச் சோதித்துப் பார்த்தவர் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர். 1920-களின் பிற்பகுதியில் தொடங்கி சில ஆண்டுகள், தாய்ப்பால் மறந்த பருவத்திலிருந்த 15 குழந்தைகளைத் தம் பொறுப்பில் வைத்து வளர்த்தார். பால், முட்டை, மீன், ஆட்டிறைச்சி, ஈரல், எலும்பு மஜ்ஜை, தானியங்கள், காய்கள், கனிகள் என 34 வகை உணவுகள் அவருடைய பட்டியலில் இருந்தன. ஒவ்வொரு வேளையும் அவற்றிலிருந்து பலவகை உணவுகள் குழந்தையின் முன் தட்டில் வைக்கப்படும். செவிலியர் கரண்டியுடன் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். ஆனால் எதையும் எடுத்து நீட்டக் கூடாது, 'இதைச் சாப்பிடு' என்று குறிப்புக் காட்டவும் கூடாது. குழந்தை கை காட்டுவதை மட்டும் ஊட்டலாம்.

அக்குழந்தைகள் உண்ட விதம் பெரியவர்களின் கண்ணுக்கு விசித்திரமாகவே இருந்தது. ஒருவேளை ஈரலும் ஆரஞ்சுச் சாறும். மறுவேளை பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். எந்த இரு குழந்தைகளின் தேர்வும் ஒன்றுபோல் இல்லை. ஆயினும் அனைவரும் நன்கு வளர்ந்தனர். அவர்களுள் ஒரு குழந்தை எலும்பு மெலிவு நோயுடன் வந்திருந்தது. அதன் தட்டில் மீன் எண்ணெயும் ஒரு குவளையில் வைக்கப்பட்டது. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் அந்த எண்ணெயை அக்குழந்தை தானாகவே விரும்பிக் குடித்தது. நோய் நீங்கியதும் நிறுத்திவிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதை டேவிஸ் அம்மையாரே 1939-இல் வெளிப்படையாகக் கூறினார். சூழ்ச்சி குழந்தையிடம் இல்லை, உணவுப் பட்டியலில் இருக்கிறது என்றார். அந்த 34 வகையில் சர்க்கரை இல்லை. நல்லவற்றுக்கிடையே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுத்தார். நல்லவற்றைக் கொண்டுவந்து வைக்கும் பொறுப்பைத் தாம் வைத்துக்கொண்டார். இப்பொறுப்புப் பிரிவினையை மறந்துவிட்டு, 'பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடு' என்று இதற்குப் பொருள் கொள்வோரும் உளர்.

உடலுக்குள் நிகழ்வதைப் பற்றி இன்று நமக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். கொழுப்புத் திசுவிலிருந்து புறப்பட்டு 'கையிருப்பு போதுமான அளவு உண்டு' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 1994-இல் கண்டறியப்பட்டது. வெறும் வயிற்றிலிருந்து பசியை அறிவிக்கும் கிரெலின் 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. உணவு உட்சென்றதும் நிறைவின் செய்தி உடனே வந்து சேர்வதில்லை. அதற்குச் சுமார் இருபது நிமிடங்கள் ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்குச் செய்தி வந்து சேரும்போது காரியம் முடிந்துவிடுகிறது!

இச்செய்தித் தொடர்பை வலுக்கட்டாயமாக அறுத்தால் மனிதன் என்ன ஆவான் என்பதை அறிவதற்கு மின்னசோட்டா சோதனையைவிடச் சிறந்த சான்று இல்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டம். ஐரோப்பாவில் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களை மீட்டு உணவளிக்கும் முறையை அறிய விரும்பிய ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களைச் சேர்த்தார். மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். உடலும் உள்ளமும் திடமானவர்களைத் தேர்ந்தெடுத்தே எடுத்துக்கொண்டார்.

முதல் 12 வாரங்கள் அவர்களுக்கு வயிறார உணவு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,200 கலோரி. அடுத்த 24 வாரங்கள் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், கருப்பு ரொட்டி, மாக்கரோனி என இரண்டே வேளை. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் நான்கில் ஒரு பங்கு குறைவதே குறிக்கோள்.

எடை குறைந்தது. கோடையிலும் குளிர்ந்தது, இதயத் துடிப்பு மந்தமாயிற்று, படியேறுதல் பெரும்பாடாயிற்று. இவை எதிர்பார்க்கப்பட்டவையே. எவரும் எதிர்பாராதது அவர்களின் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றம். படிப்பிலும் அரசியலிலும் ஆர்வம் கொண்டிருந்த அந்த இளைஞர்கள் சோற்றைத் தவிர வேறெதையும் எண்ண இயலாதவர்களானார்கள். அதுவரை அடுப்பங்கரையை எட்டிப் பாராதவர்கள் சமையற்குறிப்பு நூல்களை வாங்கிக் குவித்து இரவெல்லாம் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். இருக்கும் உணவில் நீரைக் கலந்து பெருக்கி, மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு உண்டார்கள். ஓயாமல் காப்பி குடித்ததால் அதற்கும் அளவு விதிக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு அற்றுப்போய்ச் சினம் மிகுந்தது. சிலர் கட்டுப்பாட்டை மீறி மறைவாக உண்டுவிட்டு, அந்தக் குற்ற உணர்வில் கண்ணீர் சிந்தினார்கள்.

சோதனை முடிந்து உணவு திரும்பக் கிடைத்தபின் நடந்ததே நாம் உற்று நோக்கத்தக்கது. வயிறு முட்ட உண்டார்கள். எழுந்ததும் மீண்டும் பசித்தது. நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டும் நிறைவு காணாதவர்கள் இருந்தனர். எடை திரும்பியது, உடலில் கொழுப்போ முன்பிருந்ததைவிட மிகுந்தது. கீஸும் அவருடைய குழுவினரும் 1950-இல் இவற்றையெல்லாம் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அரைப்பட்டினி என்று அன்று கருதப்பட்ட உணவின் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி. இன்று மெலிய விரும்பும் பெண்களின் கையில் தரப்படும் பட்டியல்களில் 1,200 என்ற எண் சர்வசாதாரணமாகத் தென்படுகிறது. கட்டுடல் கொண்ட ஆடவரின் தேவையும் பெண்களின் தேவையும் ஒன்றல்ல. நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது. ஆயினும், பட்டியலை மூன்று வாரம் பின்பற்றிவிட்டு நான்காம் வாரம் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியின் முன் நிலைகுலைந்துபோகும் சகோதரியை 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று நாம் இகழ்வது நியாயந்தானா? தேர்ந்தெடுத்த 36 திடகாத்திரர்களுக்கும் அதே நிலைதானே நேர்ந்தது?

பட்டினி வரை போக வேண்டியதுகூட இல்லை. 'தொடாதே' என்ற சொல்லே போதும். ஜெனிஃபர் ஃபிஷர், லியன் பெர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளுக்கு ஒரே தரத்திலான இரண்டு தின்பண்டங்கள் தரப்பட்டன. ஒன்றை விரும்பியபோது எடுக்கலாம். மற்றொன்று கண்ணாடிச் சாடியில் கண்ணெதிரே இருக்கும்; சிறிது நேரம் மட்டுமே அதைத் தொடலாம். குழந்தைகளின் பேச்சும் பார்வையும் சாடியையே சுற்றி வந்தன. நம் அலமாரியின் மேல்தட்டில் பூட்டி வைக்கப்படும் பிஸ்கட் டப்பாவின் கதையும் இதுவே.

ஆகவே நாம் என்ன செய்வது? குழந்தைகளின் உணவு பற்றி நெடுங்காலம் எழுதிவந்த எலின் சாட்டர் என்ற அமெரிக்க நிபுணரின் வழி எளிமையானது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பவை பெற்றோரின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பவை பிள்ளையின் பொறுப்பு. கிளாரா டேவிஸின் பிரிவினையும் இதுதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு வேளை இரண்டு வாயோடு எழுந்துவிடும் பிள்ளை அடுத்த வேளை அதை ஈடு செய்துகொள்ளும். இடையில் முறுக்கும் மிக்சரும் கொடுத்துக் கணக்கைக் குழப்பாதிருந்தால் போதும்.

விருந்தோம்பலில் நாம் பெருமை கொள்ளும் சமூகம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சஹனைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து உண்ணும்போது யார் எவ்வளவு உண்டார் என்று எவரும் அளப்பதில்லை. அவரவர் முன்னிருப்பதை அவரவர் வயிற்றளவுக்கு எடுத்துக்கொள்வர். அழகிய முறை அது. ஆனால் அதே விருந்தில் 'போதும்' என்று கையெடுத்தவரின் பக்கம் இன்னொரு கறித்துண்டைத் தள்ளி, மறுத்தால் முகம் வாடுவதும் நம் வழக்கமே. பசித்திருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பால் கொடுத்த நிகழ்ச்சி புகாரீயில் பதிவாகியுள்ளது. குடியுங்கள், குடியுங்கள் என்று மீண்டும் மீண்டும் உபசரித்தார்கள். இனி இடமில்லை என்று அவர் கூறியதும் பாத்திரத்தைத் திரும்பப் பெற்று, எஞ்சியதைத் தாம் அருந்தினார்கள். பொரித்த உடும்பு முன்வைக்கப்பட்டபோது, அது விலக்கப்பட்டதன்று, தம் ஊரில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று கூறித் தாம் தவிர்த்துக்கொண்டதும், அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டதும் நாம் அறிந்தவையே. பிடிக்கவில்லை என்று பிள்ளை கூறுவதைக் குற்றமாக்கும் நாம் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோன்பு பற்றியும் ஒரு சொல். நோன்பு பசியை மறுப்பதன்று. பசியை அறிந்து, குறித்த நேரம்வரை பொறுப்பது. பொழுது சாய்ந்ததும் தாமதமின்றித் திறக்க வேண்டும் என்பது நபிவழி. இரவிலும் உண்ணாமல் தொடர்ந்து நோற்பது தடுக்கப்பட்டுள்ளது. ரமலானை எடை குறைக்கும் மாதமாகக் கணக்கிட்டு, ஸஹரையும் விட்டுவிட்டு, நோன்புக்கஞ்சியையும் அளந்து குடிக்கும் இளம்பெண்கள் இன்று இருக்கிறார்கள். இது வணக்கத்தின் கணக்கில் சேருமா என்ற கேள்வியை அவர்களே தம்மிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சர்க்கரை நோயாளிகள் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடக் கூடாது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடி என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இன்சுலின் போடுபவர் பசி வரட்டும் என்று காத்திருந்தால் மயக்கமே முதலில் வரும். அவர்களுக்கு வேளையும் அளவும் மருத்துவர் சொன்னபடியே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கும், வயிற்றின் சொல் கேட்பது என்பது நாவின் சொல் கேட்பதாகாது. வட்டிலப்பத்தின் முதல் கரண்டி தரும் இன்பம் ஐந்தாவது கரண்டியில் இருக்கிறதா என்று நிதானித்து உண்டு பாருங்கள். இல்லையென்று வயிறே சொல்லிவிடும். நாளையும் கிடைக்கும் என்று தெரிந்தவர்க்கு நிறுத்துவது எளிது. நாளை முதல் பத்தியம் என்று தீர்மானித்தவரே இன்று பாத்திரத்தை வழித்து உண்கிறார்.

இறுதியாகத் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. வளர்ந்த பெண்பிள்ளை குடும்பத்தோடு உண்ண மறுத்து, உணவை ஒளித்து வைத்தாலோ, உண்டபின் நெடுநேரம் குளியலறையில் இருந்து வாந்தி எடுத்தாலோ, வேகமாக மெலிந்து மாதவிலக்கு நின்றுபோனாலோ அதைப் பிடிவாதம் என்று எண்ணி ஏசாதீர்கள். அது நோய், உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. பொது மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி மூடி மறைப்பதால் மாதங்கள் வீணாகும். அம்மாதங்களில் அவள் எலும்பும் இதயமும் தேய்ந்துகொண்டிருக்கும்.